பொல்கிங் கடையின் வயது

"என் கழுத்தில் கத்தியை வைத்தாலும், சான்றில்லாத ஒரு தேதியை இந்தப் பேனா எழுதாது. பேரரசரே எழுந்து வந்து கேட்டாலும் எழுதாது!"

ஹொல்லென்ரோடெ நகர ஆவணக் காப்பாளரும், ஊர் வரலாற்றுச் சங்கத்தின் நிரந்தரச் செயலாளருமான டாக்டர் ஹார்ட்விக் நோட்போம், நகர மன்றத்தின் பெரிய கூடத்தில், ஏராளமான பீர்க் கோப்பைகளின் முன்னிலையில் இவ்வாறு முழங்கினார். பேரரசர் வரவில்லை. நாட்டில் அப்படி ஒருவர் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தபடியால் அந்தப் பக்கமிருந்து ஆபத்து குறைவு. கத்தி வைத்திருக்கக்கூடிய ஒரே மனிதர் மூன்றாவது வரிசையில் இருந்தார். இறைச்சிக்கடை ஹென்னிங் பொல்கிங். அன்று அவர் கத்தியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் என்பதை வரலாறு நன்றியுடன் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்றைய சொற்பொழிவின் தலைப்பு ‘நம் ஊர்க் கடைகளின் உண்மையான வயது’. தலைப்பைப் படித்தவுடனேயே பொல்கிங் உஷாராகியிருக்கலாம். ஆனால் அவர் தன்னைப் பாராட்டப்போகிறார்கள் என்று நினைத்து, புதுக் கோட்டு போட்டுக்கொண்டு, மனைவி ஆன்னெக்ரெட்டையும் அழைத்து வந்திருந்தார். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. அவர் கடை வாசலுக்கு மேலே 1687 என்று செதுக்கிய கல் ஒன்று பதித்திருக்கிறது. அதே எண் கடைப் பலகையில், வேலையாட்களின் ஏப்ரனில், வண்டியின் இரண்டு பக்கமும், சாஸேஜ் சுற்றித் தரும் காகிதத்தில், ஏன், பொல்கிங்கின் தகப்பனார் கல்லறையில்கூட இருந்தது. முந்நூறாம் ஆண்டு விழாவைக் கொண்டாடிய களைப்பில் படுத்தவர் அந்தத் தகப்பனார், பிறகு எழுந்திருக்கவில்லை.

நோட்போம் அந்தக் கல்லின் படத்தைத் திரையில் காட்டினார். கல் அருமையான கல், தேதியும் உண்மையான தேதி என்றார். பொல்கிங் தலையசைத்தார். ஆனால் கல் அந்த வீட்டுக் கல் அல்ல, பக்கத்தில் இருந்த பொதுக் குளியல் விடுதியை இடித்தபோது எடுத்துவந்து பதித்தது என்றார். பொல்கிங்கின் தலை அசைந்த இடத்திலேயே நின்றது. முதல் பொல்கிங், யோஸ்ட் என்று பெயர், வெளியூரிலிருந்து கையில் ஒரு கத்தியோடு வந்து 1741இல்தான் கசாப்புக்காரர் சங்கத்தில் சேர்ந்தார், சங்கத்தின் சேர்க்கைப் பதிவே சாட்சி, அடிக்குறிப்பு முப்பத்தொன்று. ஆகவே இத்தனை காலமாக ஊர் மரியாதை செலுத்திவந்தது முதுகு தேய்த்துவிடும் ஓர் இடத்துக்கு.

கூடம் சிரித்தது. கூடம் மட்டும் சிரிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பொல்கிங் எழுந்தார். "ஹார்ட்விக், எங்கப்பா அந்தக் கல்லைத் தினமும் துடைப்பாரு. உனக்கே தெரியும். நீ சின்ன வயசுல பார்த்திருக்க."

"பார்த்திருக்கேன். அவ்வளவு சுத்தமா இருந்ததாலதான் என்னால படிக்க முடிஞ்சது."

"அந்த எண்ணை விட்டுடேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

இதற்குப் பதிலாகத்தான் கத்தி, கழுத்து, பேரரசர் எல்லாம் வந்தது.

பொல்கிங் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "ரொம்ப நன்றி, டாக்டர் நோட்போம். நீங்க சொன்னதை நான் ஞாபகம் வெச்சுக்கறேன்."

கூடத்தின் சிரிப்பு அங்கே நின்றது. இருவரும் ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். எங்கள் ஊரில் ஒருவரை ஒருமுறை ‘நீ’ என்று அழைத்துவிட்டால் அதைத் திரும்பப் பெறுவதில்லை. விவாகரத்து ஆனவர்கள்கூட வக்கீல் முன்னால் ‘நீ’ என்றுதான் திட்டிக்கொள்வார்கள். பொல்கிங் ஊரறியத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நோட்போம் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பொல்கிங் கடைக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். பக்கத்து ஊர் சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக்கில் அடைத்த சாஸேஜை வாங்கி, பையின் அடியில் ஒளித்து, மேலே முட்டைக்கோஸை வைத்துக்கொண்டு வருவார். ஊர் முழுவதற்கும் தெரியும்.

இந்த இடத்தில் அவருடைய அரும்பணியைச் சிறிது எடுத்துரைப்பது முறை. நோட்போம் பதவிக்கு வந்தபோது எங்கள் ஊர் மிகவும் வயதான ஊர். தேவாலயத்து எலுமிச்சை மரத்துக்கு ஆயிரம் வயது. அவர் மரத்தைச் சுற்றி வந்து, பழைய வரைபடங்களை எடுத்துப் பார்த்து, அதை முந்நூறாக்கினார். ‘தங்க மான்’ விடுதியில் ஸ்வீடன் தளபதி ஒருவர் குடித்த கிண்ணம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அது ஏதோ ஒரு பாட்டுப் போட்டியில் ஆறுதல் பரிசாகக் கொடுத்தது என்று நிரூபித்தார். விடுதிக்காரர் இப்போது அதில் பல் குத்தும் குச்சி போட்டு வைத்திருக்கிறார். தீயணைப்புப் படைக்கு ஒரு தலைமுறை குறைந்தது. பெரிய மணிக்கு இரண்டு. இப்படி அவர் காலத்தில் ஹொல்லென்ரோடெ வருடத்துக்கு வருடம் இளமையாகிக்கொண்டே போனது. எந்த முகப்பூச்சு நிறுவனமும் இப்படி ஒரு சாதனையைக் காட்ட முடியாது. ஆனால் ஊர் மகிழ்ந்ததாகச் சொல்ல முடியாது. அவர் கையில் அளவுநாடாவோடு தெருவில் இறங்கினால் பழைய வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்தினார்கள்.

அவருடைய மிகச் சிறந்த கட்டுரை எங்கள் க்ரூமெ ஆற்றைப் பற்றியது. பழைய மாவு ஆலைச் சுவரில், ஆளுயரத்துக்கு மேலே, 1738ஆம் ஆண்டு வெள்ளம் இதுவரை வந்தது என்று ஒரு கோடு போட்ட கல் உண்டு. ஆலையைத் திரும்பக் கட்டியபோது கொத்தனார்கள் அந்தக் கல்லை வசதியாக மேலே தூக்கி வைத்துவிட்டார்கள் என்று நோட்போம் கண்டுபிடித்தார். உண்மையில் வெள்ளம் அந்த அளவுக்கு வரவில்லை. ஆகவே நகர மன்றக் கட்டடத்தின் நிலவறையை ஆறு எந்தக் காலத்திலும் தொட்டதில்லை.

நகர ஆவணக் காப்பகம் அந்த நிலவறையில்தான் இருந்தது. தற்காலிகமாக. அந்தத் தற்காலிகத்துக்கே பொன்விழா கொண்டாடலாம். ஒவ்வோர் ஆண்டும் நோட்போம் வேறு இடம் கேட்பார். ஒவ்வோர் ஆண்டும் மேயர் அவருடைய கட்டுரையை எடுத்து, "நீங்களே எழுதியிருக்கீங்களே, டாக்டர். தண்ணி வராதுன்னு. நாங்க உங்களை நம்பறோம்," என்பார். தன்னுடைய கட்டுரையை எதிர்த்துத் தானே வாதாட அவரால் முடியவில்லை. சான்று அப்படி.

கல்லைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆறு அதைப் படித்திருக்கவில்லை.

ஜூன் மாதம், ஊரே கூடும் துப்பாக்கி சுடுவோர் சங்கத்தின் ஆண்டுத் திருவிழாவுக்கு முந்தைய வாரம், மலைப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. க்ரூமெ முதலில் திருவிழா மைதானத்துக்குள் வந்து கூடாரத்தைப் பார்த்தது. பிறகு சந்தைத் தெருவில் நடந்தது. விடிந்தபோது நகர மன்றத்து நிலவறைப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. தீயணைப்புப் படை தண்ணீரை இறைத்து முடித்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. நோட்போமும் அவருடைய உதவிக் காப்பாளர் டீட்ஸெ அம்மாளும் முழங்கால் சேற்றில் நின்று பார்த்தார்கள். கீழ்த்தட்டுகள் அத்தனையும் நனைந்திருந்தன. மன்ற நடவடிக்கைகள், வரிப் பதிவுகள், சங்கங்களின் கட்டுகள், எல்லாம் ஊறிப் பருத்து, அடுப்பில் மறந்துவிட்ட ரொட்டி போலத் தட்டைப் பிளந்துகொண்டு நின்றன.

நனைந்த காகிதத்துக்கு எங்கள் நாட்டுக் காப்பாளர்களிடம் ஒரே வைத்தியம்தான். கட்டுக் கட்டாகப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, உறைய வைத்துவிட வேண்டும். உறைந்துவிட்டால் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். பிறகு சாவகாசமாக அதற்கென்று உள்ள ஆலைக்கு அனுப்பிக் காயவைக்கலாம். உறைய வைக்காவிட்டால் இந்த வெயிலில் மறுநாளே பூஞ்சணம் பூக்கும். அதற்குப் பிறகு அது வரலாறு அல்ல, உரம்.

பெரிய குளிர்பதனக் கிடங்கு மாவட்டத் தலைநகரில் இருந்தது. பாலத்தை மூடிவிட்டார்கள். ஊருக்குள் ஆள் நுழையும் அளவில் உறைகுளிர் அறை, சந்தைத் தெருவில் தண்ணீர் எட்டாத மேட்டு முனையில், ஒன்றே ஒன்று. அது எந்தக் கடைக்குப் பின்னால் இருந்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

"நான் போய்க் கேக்கறேன்," என்றாள் டீட்ஸெ அம்மாள்.

"காப்பகத்துக்குப் பொறுப்பு நான்," என்றார் நோட்போம், தூக்குமேடைக்குப் போகிறவர் தன் தொப்பியைச் சரிசெய்வது போல.

நகராட்சித் தோட்டத் துறையின் லாரியில் முதல் தவணையை ஏற்றிக் கடை வாசலில் நிறுத்தினார்கள். உள்ளே அரை டஜன் பேர் வரிசையில் நின்றார்கள். வெள்ளம் வந்தால் என்ன, வரிசை வரிசைதான். ஊரின் மொத்த ஞாபகமும் வெளியே சொட்டிக்கொண்டிருக்க, நோட்போம் வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள் கால் கிலோ ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி, கேட்டாள். மெல்லிசாக வெட்டச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் மெல்லிசாக. பொல்கிங் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நோட்போமின் நெற்றியில் வியர்வை இறங்கியது. வெளியே லாரியும் இன்னொரு பங்குக்கு வியர்த்துக்கொண்டிருந்தது.

"அடுத்தது யாரு?"

"நான், திருவாளர் பொல்கிங்."

பொல்கிங் அவரைத் தலையிலிருந்து சேறு வரைக்கும் பார்த்தார். "அடடே, டாக்டர் ஐயா! சூப்பர்மார்க்கெட் முழுகிடுச்சா? என்ன வேணும்? கல்லீரல் சாஸேஜ் காலையில போட்டது. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் காலையில. அடிக்குறிப்பு கேட்டாக் கிடையாது."

வரிசையில் யாரோ களுக்கென்றார்கள்.

"உங்க குளிர் அறை வேணும்."

"எந்த மூலை?"

"முழுசும்."

நோட்போம் விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் மேடைக் குரலாக மாறுவதும், அவரே அதைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்குவதுமாக இருந்தது. பொல்கிங் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உள்ள என்ன இருக்கு தெரியுமா? திருவிழாக் கறி. ஊரே திங்கற கறி. அதைக் கொண்டுபோய் எங்க வைக்கச் சொல்றீங்க? உங்க காப்பகத்துலயா? அங்கதான் இப்ப இடம் இருக்கே."

"எனக்குத் தெரியும். நான் கேக்கறது பெரிய விஷயம்."

"பெரிய விஷயம் ஒண்ணும் வேண்டாம். சின்னதா ஒண்ணு நான் கேக்கறேன்." பொல்கிங் சாஸேஜ் காகிதத்தில் ஒரு தாளைக் கிழித்து மேசைமேல் வைத்தார். அதில் பன்றித் தலைப் படமும், கீழே ‘பொல்கிங், 1687 முதல்’ என்ற எழுத்தும் இருந்தன. "நீங்க எழுதக்கூட வேண்டாம். அச்சடிச்சாச்சு. அடியில ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். சட்டம் போட்டு மாட்டிக்குவேன். கதவு திறந்துடும்."

நோட்போம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைத் திருகினார். பேனாவிலிருந்து மை வருவதற்கு முன்னால் ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்தது. அது சரியாக 6க்கும் 8க்கும் நடுவில் விழுந்து, காகிதம் அதை உறிஞ்சிக்கொள்வதை எல்லோரும் பார்த்தார்கள். பொல்கிங்கின் உதடு லேசாக விரிந்தது.

நோட்போம் மூடியைத் திருப்பிப் போட்டார்.

"முடியாது."

"முடியாதா?"

"ஒண்ணு பொய்யா எழுதினா, முப்பது வருஷமா எழுதினது எல்லாம் பொய்யோன்னு ஆயிடும். அப்புறம் அந்த லாரியில இருக்கறதைக் காப்பாத்தி என்ன பிரயோஜனம்?"

"அப்ப சரி," என்றார் பொல்கிங். அவர் முகம் சிவந்துவிட்டது. "அடுத்தது யாரு?"

வெளியே டீட்ஸெ அம்மாள் லாரியின் பின்னால் உட்கார்ந்து கட்டுகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். நோட்போம் வந்ததும் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"என்ன கேட்டாரு?"

"கையெழுத்து."

"நாலு இலக்கம், டாக்டர். வெறும் நாலு இலக்கம். இங்க பாருங்க, எண்ணூறு வருஷம் சொட்டுது."

"எண்ணூறு இல்ல. மிகப் பழைய ஆவணம் 1264. அதுக்கு முன்னாடி..."

"நல்லா இருக்கு! பூஞ்சணம் வந்து உங்க அடிக்குறிப்பைப் படிச்சுப் பார்த்துட்டா தின்னும்?" அவள் ஒரு கட்டை மூக்கருகே கொண்டுபோனாள். "வாசனை வர ஆரம்பிச்சிடுச்சு. கேட்டுக்குங்க, இதெல்லாம் போனா நீங்க சொன்னது சரியா தப்பான்னு சந்தேகப்படறதுக்குக்கூட ஒண்ணும் மிச்சமிருக்காது."

நோட்போம் அவள் மடியில் இருந்த கட்டைப் பார்த்தார். தோல் அட்டை வெடித்து, உள்ளே தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கசாப்புக்காரர் சங்கம், சேர்க்கைப் பதிவு. அவர் நெடுநேரம் அதையே பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு பயம் வந்தது. அது காகிதம் அழுகிவிடும் என்ற பயம் அல்ல. அதைவிடப் பெரியது: தாம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்ற பயம்.

"நான் திரும்பவும் உள்ள போகணும்."

"கையெழுத்துப் போடவா?"

"இல்ல. அவருக்கு ஒரு தகவல் தெரியாம இருக்கு. தெரியாம முடிவெடுத்ததா ஆயிடக் கூடாது."

டீட்ஸெ அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "டாக்டர், வேண்டாம். தயவுசெஞ்சு அதை மட்டும் சொல்லாதீங்க. ஐயோ, யாராவது இவரைப் பிடிங்க!"

பிடிக்க ஆள் இல்லை. நோட்போம் உள்ளே போய் மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்றார். ஹாம் அம்மாள் வாங்கிய பிறகும் போகாமல் சன்னலோரம் நின்றிருந்தாள். இந்த வருடம் திருவிழா நடக்காது, கிடைத்ததைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணியிருப்பாள்.

"அடுத்தது... மறுபடியும் நீங்களா?"

"ஒரு தகவல் சொல்லணும். உங்க குடும்பத்தோட பதிவு, யோஸ்ட் பொல்கிங் சங்கத்துல சேர்ந்தது, அது வெளிய லாரியில இருக்கு."

"அதுக்கு?"

"நனைஞ்சிருக்கு."

"நகல் இருக்கும்ல?"

"இல்ல. படமெடுக்கப் பணம் கேட்டேன். மன்றம் தள்ளிப் போட்டுடுச்சு."

பொல்கிங் கத்தியைக் கீழே வைத்தார். "அது அழுகிட்டா?"

"அடிக்குறிப்பு முப்பத்தொண்ணுக்கு மூலம் இருக்காது. மூலம் இல்லாத அடிக்குறிப்பு வெறும் வதந்தி. என் கட்டுரையை நான் வாபஸ் வாங்கணும். பத்திரிகையில மறுப்பும் போடணும். அது என் விதி."

"அப்ப 1741?"

"இல்ல."

"1687?"

"குளியல் விடுதியை இடிச்ச கணக்கும் அதே லாரியிலதான் நனைஞ்சு கிடக்கு. கல்லு ஒண்ணுதான் மிஞ்சும். கல்லுல 1687னு இருக்கு. மறுத்துச் சொல்ல யாராலயும் முடியாது. என்னாலயும் முடியாது."

பொல்கிங் மேசைமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

"இருங்க. எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். நான் ஒண்ணும் செய்ய வேண்டாம். கையெழுத்து வேண்டாம், பேரம் வேண்டாம். அந்தக் கதவை மூடி வெச்சிருந்தாப் போதும். நாளைக்கு நான் ஜெயிச்சுடுவேன்."

"ஆமா."

"நீங்களே பேப்பர்ல போட்டு, ஊரைக் கூட்டி, அன்னைக்குச் சிரிச்சவன் அத்தனை பேர் முன்னாடியும் மறுப்புச் சொல்லுவீங்க."

"சொல்லித்தான் ஆகணும்."

பொல்கிங் மேசைக்கு மேலாகக் குனிந்தார். "இதை ஏன்டா எங்கிட்ட வந்து சொல்ற?"

‘நீ’ வந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. வரிசை கவனித்தது.

"நீங்க கேட்டிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேன்," என்றார் நோட்போம். "நீங்க கேக்கல."

பொல்கிங் ஏப்ரனில் கையைத் துடைத்தார். பின்பக்கம் போனார். கல்லாவில் இருந்த ஆன்னெக்ரெட் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். உள்ளே குளிர் அறையின் கனத்த கைப்பிடி ‘டக்’கென்று திரும்பும் சத்தம் கேட்டது. திறக்கும்போதும் அந்தச் சத்தம்தான். பூட்டும்போதும் அந்தச் சத்தம்தான். நோட்போம் கண்ணை மூடிக்கொண்டார். ஹாம் அம்மாள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வெளியே லாரியிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் விழும் சொட்டுச் சத்தம் கடைக்குள் வரைக்கும் கேட்டது.

பிறகு ஏதோ பெரிதாகத் தரையில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பொல்கிங் சாஸேஜ் பெட்டிகளைக் கொல்லைக்கு வீசிக்கொண்டிருந்தார்.

"ஆன்னெக்ரெட்! கிரில்லைப் பத்த வை! ரெண்டையும்!"

"எத்தனை பேருக்குங்க?"

"ஊருக்கு! மணல் மூட்டை தூக்கறவன், தண்ணி இறைக்கறவன், வேடிக்கை பார்க்கறவன், எல்லாரையும் வரச் சொல்லு!"

"கறி அறையில குப்பைக் காகிதத்தை வெச்சா உணவுத் துறை அதிகாரி சீல் வெச்சுடுவாருங்க!"

"அந்த ஆளு அவர் வீட்டு மாடியில உட்காந்திருக்காரு. படகு போனாத்தான் இறங்குவாரு. படகைக் கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு!"

ஹாம் அம்மாளுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "பொல்கிங், சும்மா இருந்திருந்தா நீங்க ஜெயிச்சிருப்பீங்களே!"

பொல்கிங் ஒரு பெட்டியோடு வாசலில் தலை நீட்டினார். "ஜெயிச்சு? அப்புறம் மீதி ஆயுசுக்கு நான் யார்கூட சண்டை போடறது? உங்ககூடவா?" நோட்போமைப் பார்த்து, "என்ன மரம் மாதிரி நிக்கற? தூக்கு!" என்றார்.

அதன் பிறகு நடந்தது எங்கள் ஊர் இதுவரை கண்ட மிக விசித்திரமான திருவிழா. கொல்லையில் இறைச்சி வெந்துகொண்டிருக்க, வாசலில் நகர மன்றத் தீர்மானங்கள் கை மாறிக் கை மாறி உள்ளே போயின. ஒரு கையில் சாஸேஜும் மறு கையில் வரிப் பதிவுமாக யாரும் தொடக் கூடாது என்று டீட்ஸெ அம்மாள் கரண்டியை ஓங்கிக்கொண்டு காவல் நின்றாள். கொழுப்புத் துண்டங்கள் தொங்கிய கொக்கிகளுக்கு அடியில் மேயர்களின் கையெழுத்துகள் அடுக்கப்பட்டன. அந்த மேயர்களில் பலருக்கு அதுவே பொருத்தமான இடம் என்று ஒரு கருத்து நிலவியது. சேர்க்கைப் பதிவு வந்தபோது பொல்கிங் வரிசையை நிறுத்தினார்.

"இதுவா யோஸ்ட்?"

"இதுதான்," என்றார் நோட்போம்.

பொல்கிங் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, தன்னுடைய இறைச்சி சுற்றும் தாளில் இன்னொரு முறை சுற்றி, அறையின் மிகக் குளிர்ந்த மூலையில், விலையுயர்ந்த மாட்டிறைச்சி வைக்கும் தட்டில் தனியாக வைத்தார். கையெழுத்தைப் பற்றி அவர் பேசவில்லை. அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. துப்பாக்கிச் சங்கத் திருவிழா நடக்கவில்லை. அந்த வருடக் கறியில் அவருக்கு ஒரு காசு தேறவில்லை.

இலையுதிர் காலத்தில் காகிதங்கள் ஆலையிலிருந்து காய்ந்து திரும்பி வந்தன. சுருங்கியிருந்தன, சில இடங்களில் மை கசிந்திருந்தது, ஆனால் வந்துவிட்டன. காப்பகம் பள்ளிக்கூடத்தின் மேல்மாடிக்கு மாறியது. இந்தமுறை நிரந்தரமாக என்றார்கள். சேர்க்கைப் பதிவை டீட்ஸெ அம்மாளே பிரித்தாள். யோஸ்ட் பொல்கிங், வெளியூர்க்காரர், ஆண்டு 1741. நேற்று எழுதியது போலத் தெளிவாக இருந்தது. நோட்போம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை படித்தார், போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார்.

அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, சந்தைத் தெருப் பழைய வீடுகளுக்கெல்லாம் நீல எனாமல் பலகை மாட்டுவது என்று நகர மன்றம் முடிவு செய்தது. வீட்டின் வயது, யார் கட்டியது, என்ன தொழில் நடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. வாசகம் காப்பாளருடையது. வீட்டுக்காரர்கள் பல நாள் சரியாகத் தூங்கவில்லை. யார் வீட்டு வயதில் எவ்வளவு வெட்டு விழப்போகிறதோ! பயந்தபடியே விழுந்தது. மருந்துக்கடைக்கு எழுபது வருடம் போனது. ‘தங்க மான்’ முழுசாக ஒரு நூற்றாண்டை இழந்தது.

பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த டீட்ஸெ அம்மாள் ஒரு வரியில் நின்றாள்.

"டாக்டர், இதைப் பார்த்துட்டுத்தான் குடுத்தீங்களா?"

"பார்த்துட்டுத்தான்."

"மூலம் பத்திரமா இருக்கு. நானே பிரிச்சேன். நீங்களும் படிச்சீங்க."

"படிச்சேன்."

"அப்ப இது?"

நோட்போம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பலகை சின்னது. இடம் பத்தாது."

"ரெண்டுக்கும் நாலு இலக்கம்தானே, டாக்டர்."

"அச்சுக்கு அனுப்புங்க, அம்மா."

பலகைகளை மாட்ட நகராட்சி ஆள் இருக்கிறார். மற்ற வீடுகளுக்கு அவர்தான் மாட்டினார். சந்தைத் தெரு இறைச்சிக்கடைக்கு மட்டும், கடை விடுமுறையான ஒரு திங்கட்கிழமைக் காலையில், டாக்டர் ஹார்ட்விக் நோட்போம் தானே ஒரு சின்ன ஏணியும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு வந்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறினார். நீலப் பலகையில் வெள்ளை எழுத்து: ‘பொல்கிங் இறைச்சிக்கடை. 1687 முதல்.’ அடிக்குறிப்பு இல்லை.

மாடிச் சன்னல் திறந்தது. பொல்கிங் கலைந்த தலையோடு எட்டிப் பார்த்தார். மேலிருந்து அவருக்குப் பலகையின் விளிம்பு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"யாரது? கடை இன்னைக்கு லீவு!"

"தெரியும்," என்றார் நோட்போம், கடைசித் திருகாணியை இறுக்கிக்கொண்டே. "நீ தூங்கு."